பிடித்த பிரேக் விடவில்லையா? பழைய காரில் பிரேக் ஜாம்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

பெடலை மிதிக்கும்போது பிரேக்கைப் பிடிக்க வைக்க உங்கள் கால் இருக்கிறது, காலின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் இருக்கிறது, ஆயிலின் அழுத்தம் இருக்கிறது. காலை எடுத்தபின் அதை விடுவிக்க அப்படிப் பலசாலி யாரும் இல்லை. டிரம்மில் இரண்டு ஸ்பிரிங், டிஸ்க்கில் ஒரு ரப்பர் வளையத்தின் நெளிவு, பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. இவ்வளவுதான். துருவோ அழுக்கோ கொஞ்சம் சேர்ந்தால் முதலில் தோற்பது இந்த விடும் பக்கம். ஆகவே பிரேக் ஜாம் ஆன வண்டியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரும்பி வர வேண்டியது எது, அது எங்கே நின்றுபோனது?

இதைக் கேட்காமல் வேலையை ஆரம்பித்தால் முதலில் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடு மாறும், பிறகு பேடைத் தள்ளும் காலிப்பர் மாறும், கடைசியில் மாஸ்டர் சிலிண்டரும் மாறும். குற்றவாளி நூற்றுக்கணக்கான ரூபாயில் முடியும் ஒரு ரப்பர் ஆயில் ஹோஸாக இருந்திருக்கும்.

இங்கே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா போன்ற வண்டிகளை மனதில் வைத்து. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது; அதாவது இன்று ஓடும் எந்த 800-ம் பழைய வண்டிதான். நான்கு சக்கரமும் டிரம்மாக வந்த பழைய அம்பாசடர், பத்மினிக்கு டிரம் பற்றிச் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும்.

வேலைக்கு முன் இரண்டு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது, சொல்லாமல் உடையும். இரண்டாவது, டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முதலில், உண்மையிலேயே பிரேக்தானா?

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் குறைந்தது, நியூட்ரலில் விட்டால் உருளாமல் சட்டென்று நிற்கிறது. இவற்றில் சில காற்று இறங்கிய டயராலும் வரும், தேய்ந்த கிளட்சாலும் வரும், வீல் பேரிங்காலும் வரும். பிரேக் என்று உறுதி செய்ய ஒரு எளிய வழி: காலியான சாலையில் நான்கைந்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். கியரைக் குறைத்தே வேகத்தைக் குறைத்து, கடைசியில் மெதுவாக நிறுத்துங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், அருகே போதும். பிரேக் தொடாமல் ஓடிய வண்டியில் சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் ஆள் அகப்பட்டான்.

தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கையடக்கக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. முன் சக்கரம் பின்னதைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆகவே முன்னையும் பின்னையும் ஒப்பிடாமல் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. டிஸ்க் கோணிக்கொள்ளும், வேண்டாம்.

பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கட்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருக்கட்டும். முன் சக்கரம் ஓடும் வண்டியில் முன் சக்கரத்தைச் சுற்றினால் ஆக்ஸிலையும் சேர்த்துச் சுற்றுகிறீர்கள். கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். இரண்டையும் தூக்கியிருந்தால் எதிர்ச் சக்கரம் தலைகீழாகச் சுற்றும். அது பழுதில்லை, டிஃபரன்ஷியலின் வேலை. டிஸ்க்கில் பேடு லேசாக உரசும் "ஸ்ஸ்" சத்தமும் இயல்பு. இரண்டு கையும் போட்டுத் திருப்ப வேண்டியிருந்தால்தான் ஜாம். கரகரவென்று சத்தம் வந்து, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பாருங்கள்.

கடைசியாக ஒருவரைப் பெடலை மூன்று நான்கு தடவை நன்றாக மிதித்து விடச் சொல்லுங்கள். மிதிப்பதற்கு முன் சுற்றிய சக்கரம் இப்போது இறுகி நின்றால், சோதனைக்குத் தகுந்த நிலையில் பழுது கையில் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கழற்ற அவசரப்படாதீர்கள்.

நிப்பிளைத் திறந்து பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜாம் ஆன சக்கரத்தில் சிக்கியிருப்பது ஆயில் அழுத்தமா, இரும்பா என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.

சக்கரம் இறுகி நிற்கும்போதே, ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விடுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். துருப்பிடித்த நிப்பிள் என்றால் முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விட்டிருக்க வேண்டும். ஓபன் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அறுகோணம் வழுக்கி உருண்டையாகும், இல்லை கழுத்தோடு முறியும். பிறகு வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும்.

ஆயில் சட்டென்று பீய்ச்சி வந்து சக்கரம் உடனே இலகுவானால், மிதித்த அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளேயே மாட்டியிருந்தது என்று பொருள். காலிப்பர் நிரபராதி. குற்றம் ஹோஸிலோ, மாஸ்டர் சிலிண்டரிலோ, பெடலிலோ இருக்கிறது. ஆயில் சொட்டு சொட்டாக வந்து சக்கரம் இறுகியபடியே நின்றால், அழுத்தம் எதுவும் இல்லை. பிஸ்டனோ, காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ, ஷூவோ, ஹேண்ட் பிரேக்கோ இரும்போடு இரும்பாகச் சிக்கியிருக்கிறது.

அழுத்தம்தான் என்றால் இன்னொரு படி. நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி ஜாம் ஆக்குங்கள். இந்தத் தடவை ரப்பர் ஹோஸ் மேலே இரும்புக் குழாயோடு சேரும் இடத்திலுள்ள நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அங்கே பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் ஹோஸ் வழி திறந்தே இருக்கிறது, அடைப்பு மேலே மாஸ்டர் பக்கம். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால், நடுவில் இருக்கும் ஹோஸ்தான்.

பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அறிகுறி: ஓட ஓட பெடல் மேலே ஏறிக் கல்லாகிறது, எல்லாச் சக்கரமும் சூடு

காலையில் வண்டி சாதுவாகக் கிளம்பும். பத்து கிலோமீட்டர் போனதும் பெடல் மேலே நின்று, விளையாட்டே (எதிர்ப்பில்லாமல் நகரும் தூரமே) இல்லாமல் கெட்டியாகும். ஆக்ஸிலரேட்டரை எடுத்தால் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பதுபோல வண்டி நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். நான்கும் ஒன்றாகச் சூடாவதால் தனித்தனிச் சக்கரத்தில் தேட வேண்டாம்.

நடப்பது இதுதான். மாஸ்டர் சிலிண்டரில், பிஸ்டனின் ரப்பர் கப் ஓய்வில் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு நுண்துளை இருக்கிறது. அது மேலே ஆயில் டப்பாவோடு சேரும். காலை எடுத்ததும் கப் இந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் வந்தால்தான் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் டப்பாவுக்குத் திரும்பும். கப் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டாலும் துளை மூடியே கிடக்கும். பிரேக் லேசாக உரசும், சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லை, ஆகவே பேடு இன்னும் இறுகும், இன்னும் சூடாகும். உரசல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

டப்பா மூடியைத் திறந்து, உள்ளே வடிகட்டி இருந்தால் எடுத்துவிட்டு, ஒருவரைப் பெடலைக் கையால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் பாருங்கள். அழுத்தத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சின்னக் கொப்புளிப்பு எழ வேண்டும், மீன் வாய் வைத்ததுபோல. கப் துளையைக் கடப்பதற்குள் அந்த வழியாக வெளியேறும் ஆயில் அது. கொப்புளிப்பே இல்லையென்றால் துளை அழுக்கால் அடைந்திருக்கிறது, அல்லது கப் ஏற்கெனவே அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மாஸ்டரைக் கழற்றுமுன், அதை யார் தள்ளிப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் தரை மேட். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட ரப்பர் மேட் பெடலின் பின்புறத்தைத் தடுத்த வண்டிகள் நிறைய. அடுத்து பெடல் ஸ்பிரிங் இருக்கிறதா, பெடல் ஆடும் புஷ் காய்ந்து இறுகியிருக்கிறதா. அடுத்து பிரேக் லைட் சுவிட்ச்: பெடலின் மேல்நுனி இந்தச் சுவிட்சில் மோதி நிற்கும். யாராவது சுவிட்சை மாற்றும்போது அதிகமாக உள்ளே திருகிவிட்டால் பெடல் எப்போதும் லேசாக மிதித்த நிலையிலேயே நிற்கும். லாக் நட்டைத் தளர்த்தி சுவிட்சைப் பின்னால் திருப்புங்கள். பெடலைக் கையால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். அந்த விளையாட்டு கட்டாயம். "பிரேக் மேலேயே பிடிக்கணும்" என்று கேட்பவருக்காக அதை இல்லாமல் ஆக்குவது இந்தப் பழுதை விலைக்கு வாங்குவது.

பெடல் சரியென்றால், பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவிலுள்ள தள்ளுகம்பி. பூஸ்டரையோ மாஸ்டரையோ மாற்றிய பிறகு ஆரம்பித்த பழுது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஜாம் ஆகியிருக்கும்போது மாஸ்டரைப் பூஸ்டரோடு சேர்க்கும் இரண்டு நட்டையும் மூன்று நான்கு மி.மீ. தளர்த்தி மாஸ்டரை முன்னால் இழுங்கள். சக்கரங்கள் விடுபட்டால் கம்பி நீளம் அதிகம். நுனியில் திருகு இருந்தால் அதைக் குறைக்க வேண்டும். நடுவில் வாஷர் கொடுத்து மாஸ்டரை முன்னால் தள்ளி வைப்பது ஊரெங்கும் நடக்கும் வேலை. வண்டி ஓடும். ஆனால் அந்தச் சேர்க்கையில் வேக்குவம் சீல் இருக்கும் வண்டிகளில் காற்று உள்ளே இழுத்து ஐட்லிங் கெடும், பூஸ்டர் பலமும் குறையும். பழுதை உறுதி செய்ய வாஷர் சரி. நிரந்தர வைத்தியமாக வைக்காதீர்கள்.

பூஸ்டரும் சிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி வைத்து இன்ஜினை ஓட விட்டால் இறுகுகிறது, அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்ததும் இலகுவாகிறது என்றால், பூஸ்டருக்குள் இருக்கும் வால்வு திரும்பவில்லை. பூஸ்டரைப் பிரித்து ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவதே மேல்.

இதெல்லாம் தாண்டியும் விடவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்தான். கிட் (உள்ளே மாற்றும் புது ரப்பர்கள்) போடுவதற்கு முன் சிலிண்டரின் உள்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிபோல இருந்தால் கிட் போடலாம். புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் புதுக் கப் சில மாதத்தில் கிழியும்; முழுசாக மாற்றுங்கள்.

அறிகுறி: யாரோ ஆயில் ஊற்றிய பிறகு ஆரம்பித்தது

இது தனி வகை, கொஞ்சம் செலவு வைக்கும் வகை. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. பிரேக் ரப்பர்களும் அதற்கென்றே செய்தவை. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் எதுவாக இருந்தாலும், இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், கிரீஸ், இந்த ரப்பர்களை ஊத வைக்கும். ஊதிய கப் நுண்துளையை நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஆயில் ஊற்றிய புனலை முன்பு இன்ஜின் ஆயிலுக்குப் பயன்படுத்தியிருந்தால்கூடப் போதும்.

டப்பா மூடிக்கு உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். வீங்கி, அலை அலையாக நெளிந்து, மூடிக்குள் அடங்காமல் நின்றால் சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதிக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் ஆயிலை அதில் விட்டுக் கலக்குங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்து காணாமல் போகும். மேலே எண்ணெய்ப் படலமோ உருண்டைகளோ மிதந்தால் கலப்படம்தான்.

அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஊதிய ரப்பர் திரும்பச் சுருங்காது. மாஸ்டர் கிட், காலிப்பர் சீல், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கப், எல்லா ஹோஸும், டப்பா மூடி ரப்பர் என ஆயில் தொட்ட ஒவ்வொரு ரப்பரும் போக வேண்டும். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டு அலசி, காற்றில் உலர்த்தி, பிறகுதான் புது ஆயில்.

அறிகுறி: ஒரு முன் சக்கரம் மட்டும் சூடு, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

நிப்பிள் சோதனை ஹோஸைக் காட்டியிருந்தால் ஹோஸ். வெளியே பார்த்தால் புதுசுபோல இருக்கும். உள் அடுக்கு கிழிந்து ஒரு தோல் நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் காலின் பலம் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு ஆயிலை அனுப்பிவிடும். திரும்பி வர அந்தப் பலம் இல்லை, நாக்கு வழியை மூடிக்கொள்ளும். பிரேக் போட்ட சில நிமிடம் கழித்துத் தானாக விடுவதும் இதன் அடையாளம். ஹோஸைத் தாங்கும் இரும்புப் பிடி துருவால் பருத்து ஹோஸை வெளியிலிருந்து நெரிப்பதும் உண்டு, அதையும் பாருங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். செப்பு வாஷர் இருந்தால் அதுவும் புதுசு. மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு ஓரமும் திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்கிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள்.

இரும்புச் சிக்கல் என்றால் பேடுகளைக் கழற்றுங்கள். தேய்ந்திருக்கும் விதமே பாதிக் கதையைச் சொல்லும். பிஸ்டன் பக்கப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை. வெளிப் பேடு அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. ஒரே பேடு ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்து ஆப்புபோல இருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கிறது.

ஸ்லைடு பின் என்றால் பிழைத்தீர்கள். வெளியே இழுத்து, பழைய கிரீஸை ஸ்பிரிட்டால் துடைத்து, துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுத்து, துளையையும் சுத்தம் செய்யுங்கள். பள்ளம் விழுந்த பின்னை மாற்றுங்கள். பூச வேண்டியது சிலிக்கான் பிரேக் கிரீஸ், மெல்லிசாக. பேரிங் கிரீஸ் போட்டால் மேலே சொன்ன அதே கதை: உறை ஊதும், பின் மறுபடி இறுகும். கிழிந்த ரப்பர் உறையோடு மாட்டினால் ஒரு மழைக்காலம் தாண்டாது.

புதுப் பேடு போட்டதும் ஆரம்பித்த ஜாம் என்றால், பேடின் இரண்டு காதுகளும் அவை உட்காரும் தாங்கியில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காதில் பூசிய பெயின்ட் தடித்திருக்கும், அல்லது தாங்கியில் தகட்டுக்கு அடியில் துரு மேடு கட்டியிருக்கும். அரத்தால் துருவைச் சுரண்டுங்கள். பேடு விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியால் தட்டி உட்கார வைத்த பேடு திரும்பி வராது.

பிஸ்டனைச் சோதிக்க: நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய பேடை நடுவில் கொடுத்து, சி-கிளாம்பால் பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். நிப்பிள் திறந்திருப்பது முக்கியம். காலிப்பரில் தேங்கிய அழுக்கு ஆயில் மாஸ்டருக்குத் திரும்பிப் போகக் கூடாது. சீராக, மிதமான பலத்தில் உள்ளே போனால் நல்ல பிஸ்டன். முக்கி முனகிப் போனால் பிரிக்க வேண்டியதுதான்.

பிரிப்பதற்கு, ஹோஸைக் கழற்றும் முன்பே பெடலை மெல்ல மிதித்து பிஸ்டனை வெளியே கொண்டுவருவது பாதுகாப்பு. எதிரே ஒரு மரக்கட்டை வையுங்கள். ஏர் அடித்து எடுத்தால் பிஸ்டன் தோட்டாபோல வரும், நடுவில் விரல் இருந்தால் போச்சு. இப்போது ஒரு நுட்பம். டிஸ்க் காலிப்பரில் சீல் வளையம் சிலிண்டர் சுவரின் பள்ளத்தில் உட்கார்ந்து, பிஸ்டனின் உடம்பைப் பிடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அந்தச் சதுர வளையம் பிஸ்டனோடு சேர்ந்து நெளியும். விடும்போது நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். பிஸ்டனைத் திருப்பும் ஸ்பிரிங் இதுதான். ஆகவே வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டனின் உடம்பு. குரோம் உரிந்தோ துரு குழி விட்டோ இருந்தால் பிஸ்டனை மாற்றுங்கள். டிரம்மின் வீல் சிலிண்டரில் இது தலைகீழ்: கப் பிஸ்டனோடு நகர்கிறது, வழவழப்பாக இருக்க வேண்டியது சிலிண்டர் சுவர்.

சீல் உட்காரும் பள்ளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளத்தின் அடியில் படியும் துருவும் உப்பும் சீலைக் கீழிருந்து தூக்கி, பிஸ்டனை நெரிக்கும். புது சீல் போட்டும் ஜாம் நிற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ சுரண்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் கிட்டே வரக் கூடாது. ஸ்பிரிட்டும் புது பிரேக் ஆயிலும் போதும். சீலையும் பிஸ்டனையும் புது ஆயிலில் நனைத்து, பிஸ்டனைக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கோணாமல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

அறிகுறி: குறுக்காக இரண்டு சக்கரம்

இடது முன், வலது பின் என்று குறுக்கு ஜோடி இறுகினால் சக்கரங்களில் நேரத்தை வீணாக்காதீர்கள். முன் சக்கர ஓட்டமுள்ள சிறிய கார்களில் பெரும்பாலும் மாஸ்டரின் ஒவ்வொரு பாதியும் ஒரு குறுக்கு ஜோடிக்குப் போகும். அந்தப் பாதியின் துளை அடைந்திருக்கிறது.

அறிகுறி: பின் சக்கரம், அதிலும் மழைக்குப் பின் காலையில்

ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தோடு இரண்டு நாள் நின்ற வண்டி, காலையில் நகர மறுக்கும். லைனிங்கும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கிளட்சை விட்டுப் பலவந்தம் செய்தால் ஷூவிலிருந்து லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் உருளும். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். விடவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தைச் சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், விட்டுவிடும். நாள்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

இது தினமும் நடந்தால் கேபிள். ஹேண்ட் பிரேக்கை இறக்கியபின் ஒவ்வொரு பின் சக்கரத்தின் உள்பக்கமும் கேபிள் தளர்வாக இருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வீணைக் கம்பிபோல விறைத்திருந்தால் உறைக்குள் துரு. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் ஓடும், அவ்வளவே. மாற்றுங்கள்.

பட்டறையில் உண்டாகும் ஜாம் ஒன்றும் இங்கே உண்டு. ஹேண்ட் பிரேக் நெம்பு மிக உயரம் வருகிறது என்றால், சரி செய்ய வேண்டியது முதலில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி. அதைத் தொடாமல் கேபிள் நட்டை மட்டும் இறுக்கினால், ஷூவில் இருக்கும் நெம்பு தன் ஓய்விடத்துக்கே வராது. தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அதன் வேலையும் கெடும். முதலில் கேபிளைத் தளர்த்துங்கள், ஷூவைச் சரி செய்யுங்கள், பெடலைப் பல தடவை மிதியுங்கள், கடைசியாகக் கேபிளுக்கு வாருங்கள்.

டிரம்மைக் கழற்றினால் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஸ்பிரிங் நிறம் மாறி நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் பலம் போய்விட்டது. இரு பக்கமும் மாற்றுங்கள். ஷூவின் ஓரம் பின்தட்டில் உரசும் ஆறு மேடுகளைத் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. சிறிய பள்ளத்தை அரத்தால் சமன் செய்து, கடுகளவு உயர்வெப்பக் கிரீஸ் தடவுங்கள். லைனிங்கில் படக் கூடாது. ஹேண்ட் பிரேக் நெம்பு ஷூவில் சுழலும் ஊசி இறுகியிருக்கிறதா பாருங்கள். வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டனும் விரலால் தள்ளினால் நகர வேண்டும். ஒன்று அசையவில்லை என்றால் சிலிண்டரையே மாற்றுவது நல்லது. உறையை விலக்கினால் ஆயில் கசிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கியதுபோலத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், ஓடுகிறதே என்று விடாமல் நான்கு சக்கரமும் பிரித்தே ஆக வேண்டும். டிரம்முக்குள் புகுந்த சேறு வடியாது, காய்ந்து சுண்ணாம்புபோல இறுகும். ஆயில் முழுசாக மாற வேண்டும்.

அம்பாசடர், பத்மினிக்கு முன்னால் டிஸ்க் போட்டு மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை: டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கலாம். டிரம்மில் வலிய ஸ்பிரிங் அதைத் தாங்கும். டிஸ்க்கில் ஸ்பிரிங்கே இல்லை. பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். முன் குழாய்க்கு அந்த வால்வு இல்லாத மாஸ்டர் வேண்டும்.

நடுவழியில் இறுகிவிட்டால்

ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல், கட்டை கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். விடவில்லை என்றால் இறுகிய சக்கரத்தின் நிப்பிளை ஒரு கணம் திறந்து மூடுங்கள். கொதித்த ஆயில் வரும், கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள். பிறகு பெடலை மிதித்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மட்டும் மெதுவாக அருகிலுள்ள பட்டறை வரை. பஞ்சுபோல அமுங்கினால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் குடித்த பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இந்த அளவு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். உள்ளே துரு பிடிக்க வைப்பதும் அந்த ஈரமே. டாட் 5 என்று வரும் சிலிக்கான் ஆயிலை இவற்றோடு கலக்கவே கூடாது.

மாட்டிய பிறகு

ஏர் எடுக்கும்போது பழைய மாஸ்டர் உள்ள வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். வருடக்கணக்கில் கப் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். ஒரே மிதியில் கப் கிழியும், நல்ல மாஸ்டரும் போகும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது வழக்கம்: வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பெரும்பாலும் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். டப்பா காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜாம் ஆகி ஓடிய சக்கரத்தில் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, அதன் மேல் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டதா என்று பாருங்கள். கண்ணாடிபோலப் பளபளக்கும் பேடு பிடிக்காது, மாற்றுங்கள். வீல் பேரிங் கிரீஸ் உருகி வழிந்திருந்தால் அதையும் சுத்தம் செய்து புதிதாக நிரப்புங்கள்.

பிறகு அதே சாலையில் அதே நான்கைந்து கிலோமீட்டர், பிரேக்கைத் தொடாமல். இறங்கிப் புறங்கையை அருகே கொண்டுபோங்கள். இடதும் வலதும் ஒன்றுபோல வெதுவெதுப்பாக இருந்தால், ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிப்பிள்களிலும் ஹோஸ் இணைப்புகளிலும் ஈரம் இருக்கிறதா என்று ஒரு காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.